வேண்டாமா என்று கேட்டால்

ஜெர்மன் வகுப்பில் கேள்வி ஜன்னலோரக் கதிரையிலிருந்து புறப்பட்டுவிட்டது. பதின்மூன்று பேர் வளைவாக உட்கார்ந்திருந்தார்கள், சீமாம்பிள்ளை ஒன்பதாவது ஆள். ஒருவர் தன் பக்கத்து ஆளைப் பார்த்து இல்லையா, வேண்டாமா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லிவிட்டுத் தனக்கு அடுத்த ஆளைக் கேட்க வேண்டும். உங்களுக்குப் பசி இல்லையா. உங்களிடம் கார் இல்லையா. குசினியில் கொதிக்கிற சட்டியைக் கைமாற்றுகிற மாதிரி ஒவ்வொருவரும் அவசரமாக வாங்கி அவசரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது மூன்றாவது கதிரையில் நின்றது, அங்கே கானா நாட்டு மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். நடுவில் இன்னும் ஐந்து பேர். எட்டாவது கதிரையில் டெபி, இங்கிலாந்துக்காரி, ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள், நல்ல பிள்ளை. அவள்தான் அவரைக் கேட்க வேண்டியவள். கிழவன் திக்குமுக்காடிப்போகக் கூடாது என்று கேள்வியை முன்கூட்டியே காட்டிவிட்டாள்: புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெரிய மனிதன், பக்கத்தில் ஒரு குட்டி மனிதன், கீழே கிண்டர் என்ற சொல். பிள்ளைகள். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்கப்போகிறேன், லேசான கேள்வி, சரிதானே என்கிற மாதிரிக் கண்ணைச் சிமிட்டினாள். அவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் அது எந்தக் கேள்வி என்று உறைத்தது. கோயிலில், கலியாண வீட்டில் யாராவது கேட்டால் பதினொரு வருஷமாக அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஒருத்தரும் இல்லை, நான் தனிக்கட்டை. தமிழில் அதைச் சொல்ல நாக்குக் கூசியதே இல்லை. தெரிந்தவர்கள் தலையைக் குனிவார்கள், தெரியாதவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், அவர் அந்த ஐயோ பாவத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போவார். ஆனால் இன்று காலை பாடம் எடுக்கிற இந்தக் கெஸ்லர் அம்மா பலகையில் மூன்று சொற்களை எழுதினதிலிருந்து அந்தப் பதில் அவருடைய கையில் நிற்கவில்லை, மீன் மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது.

கானாக்காரன் காரிடம் வந்து மாட்டிக்கொண்டான். கார் இல்லையா என்று கேட்டதற்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டான், அவ்வளவுதான், கெஸ்லர் அம்மா விடவில்லை, என்ன நிறம், எத்தனை வருஷத்துக் கார், யார் திருத்துவது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள். அவளுடைய வழக்கம் அது. இல்லை என்றவனை விட்டுவிடுவாள், இருக்கிறது என்றவனைத் தோண்டுவாள். ஆனால் கானாக்காரனுக்கு என்ன, அவன் இங்கிலிஷ் படித்தவன், சொல் வராத இடத்தில் ஒரு இங்கிலிஷ் சொல்லை எடுத்து வாயைக் கொஞ்சம் கோணலாக்கி வீசினால் பாதி நேரம் அது ஜெர்மனாகவே விழுந்தது. முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள், இங்கிலிஷ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாஷை பாதி தெரிந்த பாஷை என்று. வாட்டர் என்றால் வாஸர், மில்க் என்றால் மில்ஷ், ஃபிங்கருக்கு ஃபிங்கரேதான், கைக்கு ஹாண்ட். டெபி சிரித்துச் சிரித்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டாள், சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கட்டிப்பிடித்து நலம் விசாரித்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து வாரத்தில் அவள் பத்திரிகை வாசிக்கிறாள். இவர் இருபத்தொன்பது வருஷமாக இந்த நாட்டில். இருபத்தெட்டு வருஷம் நாலு உணவுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவினார், பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டினவனும் தமிழன், சட்டி பிடித்தவனும் தமிழன், முதலாளி இத்தாலிக்காரன், அவனுக்கே ஜெர்மன் அரைகுறை. தட்டு, கத்தி, கெதியாக, நாளைக்கு வா, இவ்வளவும் போதுமாயிருந்தது. கடை பூட்டின பிறகுதான் வேலை தேடித் தருகிற கந்தோர்க்காரர்கள் அறுபத்துநாலு வயதில் இந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். அண்ணர் வஸ்தியாம்பிள்ளை லண்டனிலிருந்து டெலிபோனில் சிரித்தார். “ஜெர்மன் என்னடா ஜெர்மன், இங்கிலிஷ் தெரிஞ்சவனுக்கு மூண்டு மாசம். உனக்குத்தான் இங்கிலிஷெண்டா வயித்தால போகுமே.” வயித்தால போனதா. யாருக்கு. பங்குச் சாமியார் வீட்டுக்கு ஒரு பெடியன் இங்கிலிஷ் வகுப்புக்கு வரலாம் என்று சொன்னபோது வீட்டில் பொத்தான் முழுதாக இருந்த சேட் ஒன்றே ஒன்று இருந்தது. நீலக் கோடு போட்டது. அதை ஐயா அண்ணருக்குப் போட்டு அனுப்பினார், மூத்தவன் என்று. அந்தச் சேட் தனக்கும் அளவுதான். கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டால் சரியாக இருந்திருக்கும். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்தக் கையை மனசுக்குள் மடித்து மடித்துப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது. அண்ணர் அந்தச் சேட்டோடு கொழும்புக்குப் போனார், கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போனார், இவர் ஐந்தாம் வகுப்போடு வலைக்குப் போனார். அந்தக் கையை மடித்திருந்தால் இந்த வாஸரும் மில்ஷும் எனக்கும் சொந்தக்காரர்கள் ஆகியிருக்கும், அந்த வியாழக்கிழமையும், ஓம், அந்த வியாழக்கிழமையும். வேண்டாம். அதை எடுக்க வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலே தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது, இரும்பு கிரீச்சிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த இங்கிலிஷ்காரர்களுக்குப் பல்லு உடைந்தது, அதை அவர் யாருக்கும் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்து ருசித்திருக்கிறார். ஏனென்றால் என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போக வேண்டும், நான் களைத்து இருக்கிறேன் என்று தமிழில் வருகிற மாதிரியே. டெபி ஒவ்வொரு முறையும் வினையை நடுவில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். அவருக்கு அது தானாக வந்தது. பெரியவர்களுக்கு நீங்கள், சின்னவர்களுக்கு நீ, அதுவும் தானாக வந்தது. வினை சரி, மற்றதெல்லாம் பிழை, அதனால் அம்மா அவருடைய வாக்கியத்தை எடுத்துத் துணி துவைக்கிற மாதிரிப் பிழிந்து திருத்தித் திருப்பிக் கொடுப்பாள், சரியாக வந்த ஒரு சொல் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இன்று எழுதின மூன்றாவது சொல்லும் இங்கிலிஷில் இல்லையாம். யா என்றால் ஓம், நைன் என்றால் இல்லை, மூன்றாவது டொஹ். டொஹ் என்பதைத் தொண்டைக்குள்ளிருந்து சொல்ல வேண்டும், மீன் முள்ளை வெளியே தள்ளுகிற மாதிரி. அம்மா அதைச் சொல்லி விளங்கப்படுத்தவில்லை, நடித்துக் காட்டினாள், அதுதான் வில்லங்கம். தன்னுடைய கோப்பி நிரப்பின சுடுதண்ணிப் போத்தலையும் ஒரு கோப்பி வட்டிலையும் மேசையில் வைத்தாள். கோப்பி வேண்டாமா என்று தன்னையே கேட்டாள். நைன் என்றாள், வட்டிலைத் தூரத் தள்ளினாள். மறுபடியும் கோப்பி வேண்டாமா என்று கேட்டாள். டொஹ் என்றாள், முகம் மலர்ந்து கோப்பியை ஊற்றிக் குடித்தாள். வேண்டாமா என்று கேட்டால் நைன் என்பது வேண்டாம். வேண்டும் என்றால் டொஹ். சீமாம்பிள்ளை அந்த வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வாரமாக அவருக்கு அந்தக் கோப்பியில் ஒரு கோபம் இருந்தது. முதல் நாள் இடைவேளையில் எல்லோரும் வட்டிலை நீட்ட, இவர் கூச்சத்தில் பின்னால் நின்றார், அம்மா அவரிடம் வந்து கோப்பி வேண்டாமா என்று கேட்டாள், அவர் நைன், நைன் என்றார், இல்லை இல்லை, வேணும் என்ற அர்த்தத்தில், வட்டிலைக்கூடத் தூக்கினார் என்று நினைக்கிறார், அவள் சரி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் கேட்கவே இல்லை. கறுத்தக் கிழவனுக்கு ஏன் கோப்பி என்று நினைக்கிறாள் போலிருக்கு என்று அறைக்கு வந்து சுவரோடு பேசினார். பத்து வாரம் வெறுந்தண்ணீர் குடித்தார். இன்றைக்குப் பார்த்தால் அவள் பாவம் கேட்டிருக்கிறாள், இவர் வேண்டாம் என்றிருக்கிறார். இருக்கட்டும், ஒரு வட்டில் கோப்பிதானே, அதனால் என்ன குடி முழுகிப்போச்சு. அப்படித்தான் நினைத்தார். அப்படி நினைத்து முடிப்பதற்குள் கோப்பி வட்டில் இருந்த இடத்தில் ஒரு கதவு நின்றது.

அது வேறு. கோப்பி வேறு, அது வேறு. ஐந்தாவது கதிரையில் யாரோ நாய் இல்லையா என்று கேட்டார்கள், யாரோ இல்லை என்றார்கள், சிரிப்பு எழுந்தது. அது வேறு என்று சீமாம்பிள்ளை தனக்குள் மறுபடியும் சொன்னார், ஆனால் அந்தத் தாதி வந்துவிட்டாள். செம்பட்டைத் தலைமுடி, நெஞ்சில் தலைகீழாகக் குத்தின ஒரு சின்ன மணிக்கூடு. பதினொரு வருஷத்துக்கு முந்தின ஒரு வியாழக்கிழமை பின்னேரம், நல்ல வெயில், ஆஸ்பத்திரி நடையில் மருந்து மணம். உள்ளே பெண்சாதி மதலேனா. காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள், இஞ்சேருங்கோ, எனக்குத் தலைக்குள்ள என்னவோ செய்யுது என்று சொல்லிக்கொண்டே குந்தினவள். மண்டையைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தத் தாதி வெளியே வந்தாள். அவசரமாக வந்தவள் இவருடைய முகத்தைப் பார்த்ததும் மெதுவாகினாள், ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கேட்டாள். அதில் அவருக்குப் பிடிபட்டது இரண்டு சொல். நிக்ட். ஸேயன். வேண்டாம் ஒன்று, பார்க்க ஒன்று. பார்க்க வேண்டாமா? ஒரு மனிதனைப் பார்த்து உன் பெண்சாதியைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான். உலகத்தில் எந்தத் தமிழனும் என்ன சொல்லுவான். இல்லை, இல்லை, பார்க்காமலா, என்ன கேள்வி இது. அவர் கதிரையிலிருந்து எழும்பி, இரண்டு கையையும் விரித்து, நைன், நைன் என்றார். தலையையும் ஆட்டினார். தாதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டைக் கையை மெல்லத் தொட்டு ஏதோ இதமாகச் சொன்னாள், உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. ஆயத்தம் செய்கிறாளாக்கும் என்று நினைத்தார். விரலால் தலையை வாரிக்கொண்டார். சேட்டை உள்ளே விட்டுக்கொண்டார், மதலேனாவுக்கு வெளியில் தொங்கினால் பிடிக்காது. நின்றுகொண்டே இருந்தார். கட்டிலை வேறு வழியால் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அரை மணித்தியாலம் கழித்துத் தெரிந்தது, அவள் கண் முழிக்கவில்லை என்பது இரவானபோது தெரிந்தது. பிறகு பெட்டிக்குள்தான் பார்த்தார். விடவில்லை, என்னைப் பார்க்க விடவில்லை, கடைசியாக ஒரு சொல் பேச விடவில்லை இந்த வெள்ளைக்காரர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன், விடவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். எத்தனை பெண்கள் மூக்கைச் சீந்தியிருப்பார்கள். ஆனால் கேட்டிருக்கிறாளே. வேண்டாமா என்று அவள் கேட்டிருக்கிறாளே.

ஆறாவது கதிரை. குளிரவில்லையா என்று கேட்டார்கள். ஆறாவது கதிரைப் பெண் யா என்றாள், அம்மா திருத்தினாள், அவள் டொஹ் என்றாள், மீன் முள்ளு சரியாக வந்து விழுந்தது. மகன் ஜெறோம் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம் பிந்தி வந்தான். வெதுப்பகத்தில் வேலை, ரயில் நடுவழியில் நின்றுவிட்டதாம், மா ஒட்டின சப்பாத்தோடு ஓடிவந்தான். இருபத்திரண்டு வயது, ஜெர்மனும் இங்கிலிஷும் வாயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறவன், அந்தப் பிள்ளையை அனுப்பிப் படிப்பிக்கத்தானே கோப்பை கோப்பையாகக் கழுவினது. அவன் அந்தத் தாதியோடு நடையின் மூலையில் நின்று கதைத்தான். கதைத்துவிட்டு வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. “அப்பா, உங்களைக் கேட்டவையாம். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னீங்களாம். அம்மா கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தவவாம்.” எவ்வளவு மெதுவாகச் சொன்னான். யாருக்கும் கேட்கக் கூடாது என்று சொன்னான். அது அப்போது அவருக்குத் தெரியவில்லை, இவனுக்கு வெள்ளைச்சி சொன்னது வேதவாக்கு, பெத்த தகப்பன் பொய்யன் என்பது மட்டும்தான் தெரிந்தது. பெட்டியைத் தூக்குகிற நேரம் மாதா கோயில் மண்டபம் நிறையச் சனம், ஜெறோம் முன்பக்கத்துப் பிடியில் கை வைத்தான், இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “எடு கையை. எனக்குப் பிள்ளையெண்டு ஒருத்தனும் இல்லை.” அவன் கையை எடுத்துத் தன்னுடைய மற்றக் கையால் மூடிக்கொண்டு பின்னால் போய் நின்றான், சூடு பட்டவன் மாதிரி. மூன்று வருஷம் நத்தார்ப் பண்டிகைக்கு டெலிபோன் எடுத்தான், இவர் வைத்துவிட்டார். நாலாவது நத்தாருக்கு எடுக்கவில்லை, அதுவும் ஒரு கோபமாகக் கணக்கில் ஏறியது, பார், எடுக்கேல்லை. பிரேமன் பட்டணத்தில் இருக்கிறானாம். இப்போது வெதுப்பகம் இல்லையாம், என்ன வேலை என்று சொன்னவர்கள் சொல்ல வந்தார்கள், இவர் பேச்சை மாற்றினார். ஒரு குழந்தை பிறந்திருக்காம், ஆணோ பெண்ணோ கேட்கவில்லை.

ஏழாவது கதிரை. டெபி நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவளுக்கு ஏழாவது ஆள் கேள்வி போட்டுக்கொண்டிருந்தான். ஜெர்மன் கஷ்டமில்லையா என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், டெபி நைன், லேசு என்றாள், பிறகு பலகையைக் காட்டி இந்த ஒரு சொல்லைத் தவிர என்றாள், எங்கள் பாஷையில் இது இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினாள். உனக்கு அது பிழையாகப் போனால் என்ன, உனக்கு ஒரு வட்டில் கோப்பி போகும். சீமாம்பிள்ளை தொண்டையை அசைத்துப் பார்த்தார். டொஹ். வருகிறது. சத்தமில்லாமல் உள்ளுக்குள் சொன்னபோது வடிவாக வந்தது, டெபியைவிட நன்றாக, உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. டொஹ், எனக்கு ஒரு மகன் இருக்கிறான். சொன்னால் அம்மா முகம் மலர்ந்து தோண்டத் தொடங்குவாள். பெயர் என்ன. எங்கே இருக்கிறார். என்ன வேலை. பேரப்பிள்ளை உண்டா, என்ன பெயர். கடைசியாக எப்போது பார்த்தீர்கள். பெயர் ஒன்றைத் தவிர எதற்கு அவரிடம் பதில் இருக்கிறது. பதின்மூன்று பேருக்கு முன்னால் தெரியாது, தெரியாது என்று நிற்க வேண்டும். ஆனால் அதுவும் இல்லை, அதைக்கூடச் சமாளித்துவிடலாம், ஜெர்மன் தெரியாத கிழவன் என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு எல்லாம் சரிந்து வரும், அதுதான். தாதி கேட்டாள் என்பது உண்மையாகும். ஜெறோம் சொன்னது உண்மையாகும். அந்த நடையில் தலையை வாரிக்கொண்டு நின்றவன்தான் அவளை அப்படியே கொண்டுபோங்கோ என்று கை விரித்து அனுப்பிவைத்தவன் ஆவான். பதினொரு வருஷமாக இந்தக் கோபத்தில்தான் அவர் சாய்ந்துகொண்டு நின்றார், சாப்பிட்டார், படுத்தார், மழைக்குள் வேலைக்குப் போனார். அதை எடுத்துவிட்டால் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தவவாம். இல்லை. அண்ணருக்கு அந்தச் சேட்டைப் போட்டு அனுப்பாமல் இருந்திருந்தால். சாமியார் வீட்டுக்கு இரண்டு பெடியன் என்று சொல்லியிருந்தால். ரயில் நிற்காமல் வந்திருந்தால். அந்தத் தாதி நிக்ட் என்ற சொல்லைப் போடாமல் ஒழுங்காக, பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தால். ஒரு சொல்லை விட்டுவிட்டுக் கேட்பதற்கு அவளுக்கு என்ன கேடு.

டெபி அவர் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டாள். முகத்தில் அந்தச் சிரிப்பு, பரீட்சையில் பார்த்தெழுத விட்ட சிநேகிதியின் சிரிப்பு. “ஹாபன் ஸீ கைனெ கிண்டர்?” மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கேட்டாள். வகுப்பு அமைதியானது, கிழவருடைய முறை வந்தால் எல்லோரும் இப்படித்தான் பொறுமையாகிவிடுவார்கள். அவர் பலகையைப் பார்த்தார். மூன்று சொல். தமிழில் என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு இருக்கிறான் என்றும் சொல்லிவிடலாம், இல்லை, இருக்கிறான், இரண்டும் ஒரே மூச்சில் போகும். இங்கே ஒன்றைத்தான் எடுக்கலாம். நாக்கு தொண்டையின் பக்கமாக மடிந்தது, அந்த முள்ளு மேலே வந்தது, அவருக்கே அது தெரிந்தது. ஜெறோம், எட டேய் ஜெறோம், உன்ர பிள்ளைக்கு என்ன பெயர் வைச்சனீ. டெபி உற்சாகப்படுத்துகிற மாதிரித் தலையசைத்தாள். அவர் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். “நைன்,” என்றார் சீமாம்பிள்ளை. “இஹ் ஹாபெ கைனெ கிண்டர்.” இல்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த முறை அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்தது. டெபியின் சிரிப்பு அந்தரத்தில் நின்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒன்றாக மாறியது. கெஸ்லர் அம்மா சரி என்று தலையாட்டினாள், சொல் சரி, ஒழுங்கு சரி, முழு வாக்கியம், மிகவும் நன்று, அடுத்தவரைக் கேளுங்கள் என்று கையால் காட்டினாள். பத்து வாரத்தில் அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு பதிலை யாரும் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை.